முப்பத்தெட்டு வீடும் ஒரே பதில்

தனலெட்சுமி அக்காவின் மோட்டார் சைக்கிள் நான்காம் நாளும் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குள் நுழைந்தபோது நான் சட்டியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். மூன்றே நாளில் முப்பத்தெட்டு வீட்டையும் முடித்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் கிளம்பிப் போயிருந்தார். வேலையை முடித்துவிட்டுப் போனவர் திரும்பி வருகிறார் என்றால் எதையோ மறந்து வைத்துவிட்டார் என்று அர்த்தம், இல்லாவிட்டால் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அக்கா எதையும் மறக்கிற ஆள் இல்லை. அடுப்பைக் குறைக்காமல் அப்படியே நின்றதில் நெத்திலி தீய்ந்துபோனது.

அக்காவுக்கு ஊர் சுவா. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். இருபது வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சிரம்பானில் இருக்கிற ஓர் அமைப்புக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேள்வி கேட்கிறார். கேள்வியெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். வீட்டில் பிள்ளையை அடிக்கிறீர்களா, எதனால் அடிக்கிறீர்கள், எத்தனை தடவை, திட்டுகிறீர்களா, முட்டாள் என்கிறீர்களா. இதற்கெல்லாம் யார் வாயைத் திறந்து பதில் சொல்வார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போன வருடம் அவர் முதல் தடவை வந்தபோது சொன்னேன். நான் மட்டுமில்லை, லயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள்.

எங்களைச் சொல்ல வைத்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். லிங்கி ஆற்றுப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு வெளியாள் வந்தால், அவர் அந்த வீட்டுக்கு மட்டும் விருந்தாளி இல்லை. இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிடுவோம். கேள்வி உனக்குத்தான் என்றாலும் பதில் சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. அக்கா யாரையும் எழுந்து போகச் சொல்ல மாட்டார். டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு, கூரை தகரமா ஓடா, தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, ஃபிரிட்ஜுக்கு எத்தனை கதவு என்று ஆற அமரக் கேட்பார். ஒரு சன்னலையும் விடமாட்டார். கால் மணி நேரத்தில் கூட்டத்துக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒவ்வொருத்தராகக் கழன்றுகொள்வார்கள். கடைசி ஆளும் போன பிறகு, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், போன முப்பது நாளில் பிள்ளையைக் கையால் அடித்ததுண்டா என்று கேட்பார். ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்ட அதே குரல். பதிலைக் கேட்டு ஒரு புருவம் உயராது. அதற்காக வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் பழகினாராம்.

கோயிலில் சாமியிடம் சொல்லாததை நான் அந்த முகத்திடம் சொன்னேன். ரோத்தான் பிரம்பால் எத்தனை தடவை என்று கேட்டதற்கு, எண்ணிப் பார்த்ததில்லை, நான் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் என்றேன். எனக்குச் செனவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் நிலாயில் காவல் வேலை பார்க்கிறார், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். களைத்துப்போய் வந்து நிற்கும்போது மகள் மாதவி கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கனவு கண்டுகொண்டிருந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. அக்கா எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. சமீனா டீச்சர் சிரம்பானிலிருந்து வந்து கோயில் மண்டபத்தில் நடத்துவார். அடிக்காமல் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று பாடம். நாலு நாள் போய்ச் சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் நாங்கள் போனோம். ஒரு வருடம் ஓடிவிட்டது. கையை ஓங்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடி என்பார் டீச்சர். தண்ணீர் குடித்தால் கோபம் போய்விடுமா என்று வாயாடினேன். போகாது, ஆனால் டம்ளர் கையில் இருக்கும்போது அடிக்க முடியாது இல்லையா என்றார். அந்தப் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். மாதவி இப்போது பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் என்னிடம் வந்து சொல்கிறாள். முன்னே நான் வீட்டுக்குள் வந்தால் அவள் கொல்லைப்பக்கம் போவாள். இந்த வகுப்பு எனக்கு எவ்வளவு பெரிது என்று இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் டீச்சர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னது என் காதில் ஈட்டியாக ஏறியது. தனலெட்சுமி அக்கா மறுபடியும் கணக்கெடுக்க வருவாராம். அடிப்பது குறைந்திருந்தால் வகுப்பு தொடருமாம், இல்லாவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போய்விடுமாம். வெள்ளிக்கிழமை பூசைக்கு மண்டபத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நான்தான் யோசனை சொன்னேன். யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுவோம், எல்லாரும் ஒரே மாதிரி, வகுப்பும் பிழைத்துக்கொள்ளும், டீச்சருக்கும் நல்ல பெயர். கங்காணி மாதிரி வேலை வாங்குகிற மண்டோரின் பெண்டாட்டி மாரியம்மாக்கா உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இவளுக்கு மூளை இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். அவர் ஒப்புக்கொண்டால் லயம் ஒப்புக்கொண்டது மாதிரி. அன்றைக்குப் பாயசம்கூட எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி கிடைத்தது.

சொன்னபடியே செய்தோம். அக்கா வீடு வீடாக வந்து அதே கூரை, அதே குழாய், அதே ஃபிரிட்ஜைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் விஷயத்துக்கு வந்தார். இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்றோம். நான் சிரித்த முகமாகச் சொன்னேன். பத்து நாளைக்கு முன்னால்தான் துணி மாட்டுகிற ஹேங்கரால் மாதவியின் காலில் இரண்டு போட்டிருந்தேன். அடித்து முடித்ததும் அவள் அழாமல் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க தண்ணி குடிக்கவே இல்லியேம்மா" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான் இல்லை என்றேன். நல்ல காரியத்துக்காகச் சொல்கிற பொய் என்பதால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

இப்போது அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். தீய்ந்த வாடையை மோந்து பார்த்துவிட்டு, அடுப்பை அணைக்கச் சொன்னார். பள்ளி இல்லாத நாள் என்பதால் வீட்டில் இருந்த மாதவியைக் கூப்பிட்டுத் தன் மோட்டார் கூடையில் இருக்கிற பலகாரப் பையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சாப்பிடச் சொன்னார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டு வீடு ரதி. ஒருத்தரும் அடிக்கல. ஒருத்தரும் திட்டல. மாரியம்மா ஒரு மாசமா சத்தமே போடலியாம்லா."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மாரியம்மாக்கா பேத்தியைக் குளிக்கக் கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் குளித்துவிட்டு வரும். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்ததும், இதை அனுப்பினால் அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள், தனக்கும் நல்ல பெயர்தான் என்றார். அப்படியென்றால் அனுப்பிவிட வேண்டியதுதானே என்றேன். அக்கா முடியாது என்று தலையை ஆட்டினார். நேற்று இரவே எழுதி அனுப்பிவிட்டாராம். இந்தத் தோட்டத்துப் பதில்களைச் சேர்க்க வேண்டாம், மறுபடி கேட்க வேண்டும், தவறு தன்னுடையது, தான் சரியாகக் கேட்கவில்லை என்று.

பதினோரு தோட்டத்தில் கேள்வி கேட்டுப் பேர் வாங்கியவர். போன வருடம் நாங்கள் சொன்ன அத்தனையையும் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோனவர். எங்களுடைய திருட்டுத்தனத்தைத் தன் தலையில் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யோசனை என்னுடையது, மாரியம்மாக்கா அதட்டி வைத்தார், எல்லாரும் வகுப்புக்காகத்தான் சொன்னார்கள், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வருடம் நான் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. வீட்டில் இருக்கிற நாளெல்லாம் என்று சொன்னவள் இன்றைக்கு ஒன்றிரண்டு தடவை என்று சொன்னால் அதை ஊரே நம்பும், வகுப்பு என்ன செய்திருக்கிறது என்பது அந்த ஒன்றிரண்டில் தெரியும், சைபரில் எதுவும் தெரியாது என்றார். நீங்களே கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை நீங்களே அழித்துவிட்டீர்கள் என்றார். எனக்கு அது புரிந்தது. ஆனால் அவர் அதற்காக மட்டும் வரவில்லை. டேப்லட்டை மூடி மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அடிக்கிறவங்களப் புடிச்சுக் குடுக்கிறது என் வேல இல்ல ரதி. ஆனா இந்த லயத்துல யாராச்சும் ஒருத்தி, இந்தத் தடவ ஆமான்னு சொல்லிப்புடலாம்னு நெனச்சு ஒக்காந்திருந்தா? அவளுக்கு அந்த எடத்த நாமளே அடச்சுட்டோமில்ல. அதான் எனக்குத் தூக்கம் வரல."

அவர் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் எனக்கு ரஞ்சினியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

ரஞ்சினி கடைசி வீடு. அவள் கணவன் புனிதன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கோயில் கமிட்டியில் செயலாளர், பெரியவர்களைக் கண்டால் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள் யோகேஸ் டாக்டராக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்தப் பிள்ளை வேகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடும். பரீட்சைத் தாள் வீட்டுக்கு வருகிற நாட்களில் கடைசி வீட்டிலிருந்து ஒரு சத்தம் வரும். அடிக்கிற சத்தம் மட்டும்தான், பிள்ளையின் சத்தம் வராது. அந்த நேரத்தில் நாங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்போம். இதை எழுதுவதற்கே எனக்குக் கூசுகிறது. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டதில்லை, சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் ஏழெட்டு வீட்டில் ஒரே நேரத்தில் டிவி அலறும்.

அந்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நான் என் யோசனையைச் சொன்னபோது ரஞ்சினி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒரு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாதவள். அன்று தலையைத் தூக்கி, எல்லாருமா என்று என்னைக் கேட்டாள். ஆமாம், எல்லாரும்தான், நீயும்தான் என்று அவள் தோளைத் தட்டிவிட்டு நான் அடுத்த ஆளிடம் போய்விட்டேன். அவள் மறுபடி குனிந்து நறுக்க ஆரம்பித்தாள். பாவி நான், பாராட்டு வாங்குகிற அவசரத்தில் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அக்காவிடம் நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். என்னிடம் மறுபடியும் முதலிலிருந்து கேட்கச் சொன்னேன். அவரும் கூரையிலிருந்தே ஆரம்பித்தார். நேற்று பார்த்த கூரைதானே அக்கா என்றேன். கேள்வியைத் தாண்டக் கூடாது என்றார். பொருளால் அடித்ததுண்டா என்கிற இடம் வந்தது. உண்டு, ஹேங்கரால், ஒரு நாள், இரண்டு அடி என்றேன். அந்த முகம் மாறவில்லை. செய்தது ஏன் தப்பு என்று பிள்ளைக்கு எடுத்துச் சொன்னதுண்டா என்கிற கேள்விக்கு, பிள்ளைதான் எனக்கு எடுத்துச் சொன்னது என்றேன். அதற்குப் பட்டன் இல்லை போலிருக்கிறது. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் பார்த்த வரையில் அந்த முகம் தடுமாறியது அந்த ஒரு தடவைதான்.

அன்று மத்தியானம் ரஞ்சினி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போனேன். நான் சொன்னதை மறந்துவிடு, அக்கா நாளைக்கு மறுபடி வருகிறார், உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல், ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அவள் யோகேஸின் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள். நான் திரும்பி நாலடி நடந்த பிறகுதான் அவள் குரல் வந்தது.

"மொதல்ல என் வீட்டுக்கு வரச் சொல்றியா? அவரு ஒரு மணிக்குத்தான் சாப்பிட வருவாரு."

சாயங்காலம் மாரியம்மாக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். ரஞ்சினியைப் பற்றி வாயே திறக்கவில்லை, நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், நீங்களும் சொல்லிவிடுங்கள் என்று மட்டும்தான். அவர் என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டார். நீயே யோசனை சொல்வாய், நீயே கவிழ்ப்பாய், வகுப்பு போய்விட்டால் யார் வந்து நடத்துவது, ஊரெல்லாம் எங்களைப் பிள்ளை அடிக்கிறவர்கள் என்று பேசுமே என்று லயத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார். வகுப்பைப் பற்றி எனக்கும் அதே பயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வரும்போதே பதினொன்றரை, நான் கேட்டுக்கொண்டபடி நேரே கடைசி வீட்டுக்குள் போனார். வழக்கப்படி இரண்டு பேர் நாற்காலியோடு பின்னால் போனார்கள். நான் தடுக்கவில்லை. கூரைக்கும் குழாய்க்கும் அவர்களே சலித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கதவு பாதி சாத்திக்கொண்டது. யோகேஸ் பள்ளியில் இருந்தாள். நான் ஷிப்டுக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக ஒரு வீட்டுக்கு அக்காவுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆனது. கதவு திறக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தராக ஏதோ வேலை இருப்பது போல் வெளியே வந்து, கடைசி வீட்டைப் பார்க்காமல் நின்றார்கள். எந்த வீட்டிலும் டிவி ஓடவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குச் செம்மண் சாலையில் லாரியின் சத்தம் கேட்டது. இன்றைக்குப் பார்த்து இருபது நிமிடம் முன்னால். தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே போட்டேன். ஓடிப்போய்க் கதவைத் தட்டுவதா, லாரியைப் பார்த்து ஓடுவதா என்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

அதற்குள் மாரியம்மாக்காவின் வீட்டுக் கதவு திறந்தது. நேற்றிலிருந்து என் முகத்தில் விழிக்காதவர் இப்போதும் என்னைப் பார்க்கவில்லை. பூப்போட்ட பாத்தேக் கைலியை இறுக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்துபோய்ச் சாலையின் நட்டநடுவில் நின்று கையைத் தூக்கினார். லாரி குலுங்கி நின்றது. புனிதன் தலையை வெளியே நீட்டி, என்னக்கா என்றார். மண்டபத்தில் சாமி விளக்குக்கு மேலே உள்ள பல்பு எரியவில்லை, அதை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பாடு என்றார் மாரியம்மாக்கா. சாயங்காலம் பார்க்கலாமே என்றார் அவர். இப்போதே பார்க்க வேண்டும் என்றார் இவர். அந்தக் குரல் ஆற்றைத் தாண்டிப் போயிருக்கும்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. குழாயடியில் நின்றவர்கள், துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள், எல்லாரும் ஒவ்வொருத்தராக நடந்துபோய் மாரியம்மாக்காவின் பக்கத்தில் நின்றார்கள். நானும் சோப்பு நுரைக் கையோடு போய் நின்றேன். புனிதன் எங்கள் தலைகளுக்கு மேலாகத் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். பாதி சாத்திய கதவு அப்படியே இருந்தது. லாரியின் இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் வழி விடவில்லை.